வட ஐரோப்பியப் பயணத்தில் கண்ணில் படும் பறவைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்வீடன், நார்வே, பின்லாந்து, டென்மார்க், எஸ்டோனியா, ஐஸ்லாந்து பக்கம் போய்வருபவர்கள் கைப்பேசியில் மங்கலாக ஒரு படத்தைக் காட்டி "இது என்ன பறவை?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அந்தக் கேள்விகளையும் பதில்களையும் எளியதில் தொடங்கி இங்கே தொகுத்திருக்கிறோம். தமிழில் வழங்கும் பெயர் உள்ள பறவைக்கு அதையே எழுதியிருக்கிறோம்; இல்லாததற்குக் கையேட்டில் தேட வசதியாக ஆங்கிலப் பெயர் தமிழ் எழுத்தில் இருக்கிறது.

1. எந்த மாசம் போனா நிறைய பறவை பார்க்கலாம்?

மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை. பறவைகள் இனப்பெருக்கத்துக்கு வந்து, முழு நிறத்தில், பாடிக்கொண்டிருக்கும் காலம் அதுதான். தெற்கு ஸ்வீடன், டென்மார்க் என்றால் மே முதல் வாரமே நல்லது; மரங்களில் இலை அடர்வதற்கு முன் சிறு குருவிகள் எளிதில் கண்ணில் படும். ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே போகிறவர்கள் ஜூன் இரண்டாம் வாரத்துக்கு முன் போனால் பனியைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். ஜூலை கொஞ்சம் சிரமமான மாதம்: பாட்டு நின்றுவிடும், இறகு உதிர்ந்து பாதிப் பறவைகள் அடையாளம் மாறியிருக்கும் (கேள்வி 15). ஆகஸ்ட் இறுதியிலிருந்து அக்டோபர் வரை ஸ்வீடனின் தென்மேற்கு முனையான ஃபால்ஸ்டர்போவில் வலசை போகும் இரைகொல்லிப் பறவைகளைப் பார்க்கலாம்.

ஜூன் நடுவில் ஸ்டாக்ஹோம், ஹெல்சின்கி, ஓஸ்லோ மூன்றிலும் காலை 4 மணிக்கு முன்பே சூரியன் எழுந்துவிடும். விடுதியில் சிற்றுண்டி முடித்து 9 மணிக்குக் கிளம்பினால் நல்ல நேரம் போய்விட்டது என்று அர்த்தம்.

2. பைனாகுலர் வாங்கணுமா? எந்த அளவு?

வேண்டும். 8x42 அல்லது பயணத்துக்கு இலகுவான 8x32 போதும். முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 10 மடங்கு வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கப்பலிலும் காற்றிலும் கை ஆடுவதும் பத்து மடங்காகத் தெரியும் என்பதால் 8 தான் எங்கள் தேர்வு.

வாங்கியதும் ஒருமுறை கண்ணுக்குச் சரிசெய்ய வேண்டும். வலது முன்கண்ணாடியைக் கையால் மூடிக்கொண்டு, தூரத்துப் பலகை ஒன்றின் எழுத்து இடக்கண்ணுக்குத் தெளிவாகும் வரை நடுச்சக்கரத்தைத் திருப்புங்கள். பிறகு இடதை மூடி, அதே எழுத்து வலக்கண்ணுக்குத் தெளிவாகும் வரை, பெரும்பாலும் வலக்கண் குழாயில் இருக்கும் சிறிய வளையத்தைத் திருப்புங்கள். அந்த வளையத்தை அதன்பின் தொட வேண்டாம். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண் விளிம்பு ரப்பரை முழுவதும் உள்ளே திருகிவிட வேண்டும்; வெளியே இருந்தால் காட்சி குறுகி, ஓரமெல்லாம் கருப்பாகத் தெரியும்.

3. தெரியாத பறவை ஒண்ணு முன்னாடி உட்கார்ந்திருக்கு. முதல்ல எதைப் பார்க்கணும்?

நிறத்தைக் கடைசியில் பாருங்கள். வெயிலுக்கு எதிரே எல்லாப் பறவையும் கருப்பு. மாலை வெளிச்சத்தில் எல்லாம் பொன்னிறம். அளவு முதலில்: சிட்டுக்குருவியா, மைனாவா, காகமா, எதற்குப் பக்கத்தில் வரும்? அடுத்து அலகு: நீளம், தடிமன், வளைவு. பிறகு கால். பிறகு என்ன செய்கிறது: வாலை ஆட்டுகிறதா, தத்துகிறதா, நடக்கிறதா, நீரில் முழுகுகிறதா. இவ்வளவும் ஆனபின் முகத்தில் கோடு உண்டா, சிறகில் பட்டை உண்டா, பறக்கும்போது பிட்டமும் வாலும் என்ன நிறம் என்று பாருங்கள்.

பறவை கண்முன் இருக்கும்போது கையேட்டையோ செயலியையோ திறக்கக் கூடாது. அது போனபின் படிக்க நேரம் இருக்கிறது. இடம், தேதி, சூழல் (கடலோரம், பிர்ச் காடு, சதுப்பு) மூன்றையும் குறித்துக்கொண்டால் நூற்றுக்கணக்கான இனங்கள் பத்துப் பதினைந்தாகக் குறைந்துவிடும்.

4. மெர்லின் செயலி இருந்தா போதாதா?

படத்தையோ குரலையோ வைத்துப் பறவையின் பெயர் சொல்லும் செயலி இது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் இலவசமாக வெளியிடுகிறது, உண்மையிலேயே நன்றாக வேலை செய்யும். கிளம்புமுன் வீட்டு வைஃபையில் போகும் பகுதிக்கான பறவைத் தொகுப்பை இறக்கிக்கொள்ளுங்கள். இந்தியத் தொகுப்பு மட்டும் இருக்கும் கைப்பேசி நார்வே காட்டில் உதவாது. இடம், தேதி இரண்டும் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். தேதி தவறினால் பரிந்துரைப் பட்டியலே தவறும்.

குரலை வைத்துச் சொல்லும் வசதியில்தான் கவனம் வேண்டும். ஸ்டார்லிங், புளூத்ரோட், நாணல் கதிர்க்குருவிகள் மற்றப் பறவைகளின் குரலை அப்படியே பாடிக்காட்டும்; செயலி அந்த மற்றப் பறவையின் பெயரைக் காட்டிவிடும். கிரேட் டிட் ஒன்றே பலவகையாகக் கத்தும். ஒரு பெயர் ஒரே ஒருமுறை மின்னி மறைந்தால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். திரும்பத் திரும்ப வந்தால், குரல் வந்த திசையில் பறவையைத் தேடிக் கண்ணால் உறுதிசெய்யுங்கள்.

5. ஊருக்குள்ளேயே காக்கா மாதிரி இருக்கு, ஆனா உடம்பு சாம்பல். இன்னொண்ணு கருப்பு வெள்ளையா நீள வாலோட. ரெண்டும் என்ன?

உடம்பு சாம்பலாகவும் தலை, சிறகு, வால் கருப்பாகவும் இருப்பது ஹூடட் குரோ. நம்மூர் காகத்துக்குக் கழுத்து மட்டும்தான் சாம்பல். இதற்கு முதுகும் வயிறும் சேர்ந்து சாம்பல். நீள வாலோடு இருப்பது மேக்பை. வெயில் பட்டால் அந்தக் கருப்பில் நீலமும் பச்சையும் பளபளக்கும். நம்மூர் காகம் என்று பலர் ஏமாறுவது ஜாக்டா என்னும் மூன்றாவதைப் பார்த்து: அளவில் சிறியது, பிடரி சாம்பல், கண் வெளுப்பு. கண்ணைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

6. சிட்டுக்குருவி, வாலாட்டி எல்லாம் நம்மூர்ல இருக்கறதேதானா?

சிட்டுக்குருவி அதேதான். ஆனால் கூட இருக்கும் ட்ரீ ஸ்பாரோவைப் பிரித்துப் பாருங்கள்: உச்சந்தலை முழுக்கச் செம்பழுப்பு, வெள்ளைக் கன்னத்தில் ஒரு கருப்புப் பொட்டு, ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி. சிட்டுக்குருவி ஆணுக்கு உச்சி சாம்பல், கன்னத்தில் பொட்டு கிடையாது.

வாகன நிறுத்தத்தில் ஓடித் திரிவது வெள்ளை வாலாட்டி. தமிழ்நாட்டில் ஆண்டு முழுவதும் இருக்கும் வெண்புருவ வாலாட்டி வேறு இனம். அது அங்கே இல்லை. பட்டாணிக்குருவியிலும் இதே கதை: நம்முடையது சாம்பல் வயிறு, அங்குள்ள கிரேட் டிட்டுக்கு மஞ்சள் வயிறும் அதன் நடுவே கருப்புக் கோடும். முன்பு ஒரே இனமாகக் கருதப்பட்டவை, இப்போது தனித்தனி.

7. பூங்காவுல ஆடு மாதிரி புல் மேயுற பெரிய வாத்துங்க?

மூன்றில் ஒன்றாக இருக்கும். முகம் முழுக்க வெள்ளை, மார்பு கருப்பு, உடம்பு சாம்பல் என்றால் பார்னக்கிள் வாத்து; ஹெல்சின்கி பூங்காக்களில் கூட்டம் கூட்டமாக மேயும். கருப்புக் கழுத்தில் தாடையைச் சுற்றி மட்டும் வெள்ளைப் பட்டை, உடம்பு பழுப்பு, அளவில் பெரியது என்றால் கனடா வாத்து. கழுத்தும் சாம்பற்பழுப்பு, தடித்த ஆரஞ்சு அலகு என்றால் கிரேலாக்.

அன்னத்துக்கு அலகு மட்டும் போதும். ஆரஞ்சு அலகும் நெற்றியில் கருப்புக் குமிழும் மியூட் அன்னம். மஞ்சள் அலகு, கருப்பு நுனி, நிமிர்ந்த கழுத்து என்றால் ஹூப்பர் அன்னம். பின்லாந்தின் தேசியப் பறவை அதுதான்.

8. கடற்காகம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. எப்படிப் பிரிக்கிறது?

வளர்ந்த பறவையை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பழுப்பாக இருப்பவை அடுத்த கேள்வியில். முதுகின் நிறம், காலின் நிறம், அலகில் சிவப்புப் பொட்டு உண்டா என்ற மூன்றும் போதும். முதுகு வெளிர்சாம்பல், கால் இளஞ்சிவப்பு, மஞ்சள் அலகில் சிவப்புப் பொட்டு: ஹெர்ரிங் கடற்காகம். முதுகு கருஞ்சாம்பல் அல்லது கருப்பு, கால் மஞ்சள்: லெஸ்ஸர் பிளாக்பேக்ட். முதுகு கருப்பு, கால் இளஞ்சிவப்பு, உருவம் மிகப் பெரியது, அலகு மிகத் தடிமன்: கிரேட் பிளாக்பேக்ட். சிறிய உருவம், பொட்டில்லாத மெல்லிய மஞ்சள் அலகு, கருவிழி, பச்சைகலந்த மஞ்சள் கால்: காமன் கடற்காகம். கால் கருப்பு, சிறகு நுனியில் வெள்ளைப் புள்ளியே இல்லாத முழுக் கருப்பு: கிட்டிவேக். வடக்கு நார்வேயில் ட்ரோம்சோ நகரில் கட்டட விளிம்புகளிலேயே கூடு கட்டியிருக்கும்.

கோடையில் தலை காப்பிப்பொடி நிறமாக இருப்பது பிளாக்ஹெடட். கோடியக்கரையில் குளிர்காலத்தில் பழுப்புத்தலைக் கடற்காகத்தைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கேயும் அதுதான் என்று எழுதிவிடுகிறார்கள். அது மத்திய ஆசியாவில் இனப்பெருக்கம் செய்யும் பறவை. வட ஐரோப்பாவில் எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டு பொறிகள் உண்டு. பால்டிக் கடலின் கிழக்குப் பகுதியில் ஹெர்ரிங் கடற்காகங்கள் சிலவற்றுக்குக் கால் மஞ்சளாக இருக்கும். அங்கே முதுகின் நிறத்தையே நம்புங்கள். பின்லாந்தின் லெஸ்ஸர் பிளாக்பேக்ட் துணையினத்துக்கு முதுகு கரிய கருப்பு; கிரேட் பிளாக்பேக்டிலிருந்து அதைப் பிரிப்பது மெலிந்த உடலும் மஞ்சள் காலும்.

9. பழுப்புப் பழுப்பா புள்ளி போட்ட கடற்காகம் தனி இனமா?

இல்லை, இளம் பறவை. பெரிய கடற்காகங்கள் முழு நிறத்துக்கு வர நான்கு ஆண்டுகள் ஆகும். காமன் மூன்றில், பிளாக்ஹெடட் இரண்டில் வந்துவிடும். இடைப்பட்ட ஆண்டுகளில் ஒவ்வொரு இறகு உதிர்வுக்கும் தோற்றம் மாறும். தொடக்கத்தில் இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்தில் நிற்கும் வளர்ந்த பறவையோடு உருவத்தையும் அலகின் தடிமனையும் ஒப்பிடுங்கள். பெரும்பாலும் விடை கிடைக்கும்.

10. கடற்கரையில நடந்தா ஒரு வெள்ளைப் பறவை தலையில கொத்த வருது!

அது ஆலா, பெரும்பாலும் ஆர்க்டிக் ஆலா. அருகில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது. உயரமான புள்ளியைத்தான் தாக்கும் என்பதால் ஒரு குச்சியையோ கையையோ தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, வந்த வழியே திரும்பிவிடுங்கள். தரையைப் பார்த்து நடக்க வேண்டும்; முட்டைகள் கூழாங்கற்களோடு கலந்து கிடக்கும், குஞ்சு அசையாமல் படுத்திருக்கும்.

காமன் ஆலாவிலிருந்து பிரிக்க: ஆர்க்டிக்கின் அலகு முழுக்க இரத்தச் சிவப்பு, கால் மிகக் குட்டை, உட்கார்ந்திருக்கையில் வால் சிறகு நுனியைத் தாண்டி நீளும். காமன் ஆலாவின் அலகு ஆரஞ்சுச் சிவப்பு, நுனி கருப்பு, கால் நீளம். அலகு நுனி மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். வெளிச்சம் சரியில்லையென்றால் ஏமாற்றும். தலைக்கு மேலே பறக்கும்போது ஆர்க்டிக்கின் வெளிச்சிறகு இறகுகள் எல்லாமே ஒளியை ஊடுருவவிடும். காமனுக்கு உள்பக்க இறகுகள் சிலவே அப்படித் தெரியும், மற்றவை மங்கல். தலைமேல் வந்து நிற்கும் பறவையில் இதைப் பார்ப்பதுதான் எளிது.

11. பஃபின் எங்க, எப்ப பார்க்கலாம்?

நார்வேயில் ரூண்டே தீவு, வடகிழக்கு மூலையில் வார்டோ அருகே ஹோர்ணயா. ஐஸ்லாந்தில் லாட்ராபியார்க் பாறை, வெஸ்ட்மன் தீவுகள், போர்கார்ஃபியோர்டர் எய்ஸ்ட்ரி. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூலை கடைசி வரை நிச்சயம். ஆகஸ்டில் கடலுக்குப் போய்விடும். பகலில் பெரும்பாலும் கடலில்தான் இருக்கும், ரூண்டேயில் மாலைதான் கூட்டமாக வளைகளுக்குத் திரும்பும். காலை 11 மணிக்குப் போய் ஒன்றுமில்லை என்று திரும்புபவர்கள் அதிகம். புறாவைவிடச் சிறிய பறவை, படங்களில் பார்த்துப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ஸ்டாக்ஹோம், ஹெல்சின்கி பக்கம் கிடையாது. பால்டிக் கடலில் பஃபின் கூடு கட்டுவதில்லை.

அதே பாறைகளில் நிற்கும் மற்றக் கருப்பு வெள்ளைப் பறவைகளுக்கு அலகைப் பாருங்கள். ஆழமான தட்டை அலகில் குறுக்கே வெள்ளைக் கோடு: ரேசர்பில். மெல்லிய கூர் அலகு: கில்லமாட். அதிலும் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமும் பின்னால் ஒரு கோடும் இருந்தால் அதே இனத்தின் ஒரு வடிவம்தான். வடக்கே போகப்போக அதிகம். அலகின் வாயோரத்தில் வெள்ளைக் கீற்று: புரூன்னிக் கில்லமாட். உடம்பு முழுக்கக் கருப்பு, சிறகில் வெள்ளை வட்டம், கால் சிவப்பு: பிளாக் கில்லமாட், இதையும் ரேசர்பில்லையும் பால்டிக்கிலும் பார்க்கலாம்.

12. ஸ்டாக்ஹோம், ஹெல்சின்கி கப்பல்ல போறப்ப என்ன பார்க்கலாம்?

தீவுக்கூட்டத்துக்குள் கப்பல் மெதுவாகப் போகும் காலையும் மாலையும்தான் வேளை. திறந்த கடல் வந்தபின் தூங்கலாம். காற்று மறைவான பக்கத்து மேல்தளத்தில் நில்லுங்கள். மேலே வெள்ளை, வயிறு கருப்பு, நெற்றியிலிருந்து அலகு வரை நேர்சரிவு: ஈடர் வாத்து ஆண். ஜூனிலேயே ஆண்கள் இறகு உதிர்க்கக் கூட்டமாகப் போய்விடுவதால், ஜூலையில் பழுப்புப் பெண்களும் குஞ்சுகளும்தான் இருக்கும். பெரிய செங்கேரட் போன்ற அலகோடு ஆலா பறந்தால் காஸ்பியன் ஆலா. கோடியக்கரைக்கும் வரும் இனம்.

13. பெரிய கழுகு ஒண்ணு. கோல்டனா, கடற்கழுகா?

நார்வே கடற்கரையிலும் பால்டிக் தீவுகளிலும் என்றால் வெண்வால் கடற்கழுகையே முதலில் நினையுங்கள். நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளில் ஸ்வோல்வார், ட்ரோல்ஃபியோர்ட் படகுகளில் நிச்சயம் கிடைக்கும். சிறகு பலகைபோல் அகன்று தட்டையாக இருக்கும், வால் குட்டை, அலகு மஞ்சளாய்ப் பருத்துத் தூரத்திலேயே தெரியும். கோல்டன் கழுகுக்கு வால் நீளம், மிதக்கும்போது சிறகு சற்று மேலே தூக்கியிருக்கும்.

குழப்பம் வெள்ளை வாலில்தான். வால் முழுக்க வெள்ளையாக இருப்பது வளர்ந்த கடற்கழுகு. அதற்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகும், அதுவரை வால் கறைபடிந்ததுபோல் கருத்திருக்கும். வாலின் அடி வெள்ளை, நுனியில் அகன்ற கருப்புப் பட்டை, சிறகிலும் வெள்ளைத் திட்டு என்றால் இளம் கோல்டன். மலைவெளியில் ஏறத்தாழ இதே வால், ஆனால் உருவம் சிறியது, ஓரிடத்தில் சிறகடித்து நிற்கிறது என்றால் ரஃப்லெக்ட் பஸர்ட்.

14. காட்டுல பச்சைப் பழுப்பா ஒரு குட்டிக் குருவி. பத்துப் படம் எடுத்தும் தெரியல.

படத்தைவிடப் பாட்டு முக்கியம். இந்த வடிவில் எங்கும் இருப்பவை இரண்டு: வில்லோ வார்ப்ளர், சிஃப்சாஃப். முதலாவது உயரத்தில் தொடங்கி, இறங்கிக்கொண்டே வந்து தேய்ந்து முடியும் ஒரு இனிய வரி. இரண்டாவது "சிஃப் சாஃப் சிஃப் சிஃப் சாஃப்" என்று தட்டிக்கொண்டே இருக்கும். பிர்ச் காட்டில் நீங்கள் கேட்பதில் பெரும்பாதி வில்லோ வார்ப்ளர்தான். பாடாதபோது கால் வெளிர்பழுப்பானால் வில்லோ, கருமையானால் சிஃப்சாஃப். பின்னது வாலைக் கீழ்நோக்கி அடிக்கடி தாழ்த்தும். இரண்டுமே பாடாமல் நிழலில் இருந்தால் விட்டுவிடுவது நல்லது.

15. ஜூலையில போனேன். ஏரியில ஆண் வாத்தே இல்லை, எல்லாம் பழுப்பு. ஏன்?

ஆண்கள் இருக்கின்றன. இனப்பெருக்கம் முடிந்ததும் பறக்கும் இறகுகளை மொத்தமாக உதிர்த்துச் சில வாரம் பறக்க முடியாமல் இருக்கும். அந்தக் காலத்தில் பெண்ணைப் போன்ற மங்கல் நிறத்துக்கு மாறி ஒதுங்கிவிடும். அலகு மாறாது. மல்லார்டில் அலகு ஒரே சீரான பச்சைமஞ்சள் என்றால் ஆண்; ஆரஞ்சில் கருந்திட்டு என்றால் பெண்.

இதே மாதத்தில் வரும் இன்னொரு கேள்வி, உச்சந்தலை சிவந்த மரங்கொத்தி. அது பெரும்பாலும் கிரேட் ஸ்பாட்டட்டின் குஞ்சு. வளர்ந்த ஆணுக்குப் பிடரியில் மட்டும் சிவப்பு, பெண்ணுக்குத் தலையில் சிவப்பே இல்லை.

16. ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் புதர்ல ஏதோ பாடுது. நைட்டிங்கேலா?

தெற்கு பின்லாந்து, எஸ்டோனியா, தெற்கு ஸ்வீடனில் மே கடைசியில் உரக்க, கடகடவென்ற ஒலி கலந்து பாடினால் த்ரஷ் நைட்டிங்கேல். ஹெல்சின்கியில் வீக்கி பகுதியின் சதுப்புக் கரையில் கேட்கலாம். வைக்கோல் வயலிலிருந்து சீப்பைக் கீறுவதுபோல் "க்ரெக்ஸ் க்ரெக்ஸ்" என்றால் கார்ன்கிரேக். தலைக்கு மேலே இருட்டில் ஆடு கத்துவதுபோல் நடுங்கும் ஒலி கோரை உள்ளான். தொண்டையால் எழுப்புவது கிடையாது, பாய்ந்து இறங்கும்போது வாலின் ஓர இறகுகள் அதிரும் ஒலி.

ஒவ்வொரு சொல்லையும் மூன்று, நான்கு முறை திருப்பிச் சொல்லி, இடையிடையே "டக் டக்" என்று தட்டி, நிதானமாகப் பாடினால் பிளித் நாணல் கதிர்க்குருவி. நவம்பரில் நம் தோட்டத்துப் புதருக்குள் "டக்... டக்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு முகம் காட்டாமல் இருக்கிறதே, அதே இனம். குளிர்காலம் முழுக்க இந்தியாவிலும் இலங்கையிலும் கழித்து, கூடு கட்ட வடக்கே போகிறது.

17. அப்போ நம்மூருக்கு வலசை வர்ற வேற பறவைங்களையும் அங்க பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் சட்டென்று அடையாளம் தெரியாது. பேதை உள்ளான் கோடியக்கரையில் செதில் செதிலான பழுப்பு. மே மாதம் பின்லாந்தின் ஔலு அருகே லிமிங்கா விரிகுடாவில் ஆணுக்குக் கழுத்தைச் சுற்றிக் குஞ்சம், ஒன்றுக்கு வெள்ளை, ஒன்றுக்குக் கருப்பு, ஒன்றுக்குச் செம்பழுப்பு. பொறி உள்ளான் அங்கே சதுப்புக்காட்டு மரத்தின் உச்சியில் உட்கார்ந்து பாடும். வயல் சேற்றில் மட்டும் பார்த்தவர்களுக்கு இது நம்பக் கடினம்.

காமன் ரோஸ்ஃபின்ச் தெற்கு பின்லாந்தில் மே கடைவாரங்களில் வரும். பெரும்பாலான ஐரோப்பியப் பறவைகள் ஆப்பிரிக்காவுக்குப் போக, இது தெற்காசியாவுக்குப் போகும் பறவை. சீட்டியடிப்பதுபோல் குட்டியான தெளிந்த பாட்டு. பாடுவது பழுப்பாக இருந்தால் பெண் என்று எழுதாதீர்கள். முதல் ஆண்டு ஆண்களும் சிவப்பில்லாமல் பாடும். பொன்னிற உப்புக்கொத்தியில் மட்டும் கவனம்: அங்கே இருப்பது ஐரோப்பிய இனம், சிறகின் அடி வெள்ளை; நம்மிடம் வருவது பசிபிக் இனம், சிறகின் அடி சாம்பற்பழுப்பு.

18. செயலியில பாட்டை ஒலிக்கவிட்டுக் கூப்பிடலாமா? கூட்டை கிட்டப் போய் படம் எடுக்கலாமா?

இரண்டும் வேண்டாம். கோடை குறுகியது, பாட்டைக் கேட்ட பறவை எதிரி வந்துவிட்டான் என்று விரட்ட அலையும் ஒவ்வொரு நிமிடமும் குஞ்சுக்கு இரை தேடும் நேரத்தில் கழிகிறது. நார்வே, ஸ்வீடன், பின்லாந்தில் தனியார் காட்டிலும் நடக்கப் பொது உரிமை உண்டு என்பது உண்மைதான். பறவைக் காப்பிடங்களுக்கு அது செல்லாது. தீவுகளிலும் கரைகளிலும் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை நுழையக் கூடாது என்று பலகை இருக்கும். மொழி புரியாவிட்டாலும் தேதி புரியும்.

19. படத்தை யாரிடமாவது காட்டிக் கேட்கணும்னா எப்படி எடுக்கணும்?

அழகான ஒரு படத்தைவிடச் சுமாரான ஆறு படங்கள் பயன்படும்: பக்கவாட்டு முகம், கால், மூடிய சிறகு, பறக்கும்போது மேல்பக்கம், அடிப்பக்கம், வால். வெளுத்த வானத்துக்கு எதிரே இருக்கும் பறவைக்கு ஒளியளவை +1க்கு ஏற்றுங்கள். வெயிலில் நிற்கும் வெள்ளைக் கடற்காகத்துக்கு -1க்கு இறக்குங்கள், இல்லையென்றால் முதுகின் சாம்பல் அளவே தெரியாமல் வெளுத்துவிடும், கேள்வி 8ல் சொன்ன முதல் அடையாளம் போய்விடும். வெட்டாத மூலப்படத்தோடு இடம், தேதி, நேரம் சேர்த்து அனுப்புங்கள்.

20. எவ்வளவு பார்த்தும் முடிவு தெரியலைன்னா இபேர்டில் என்னன்னு எழுதறது?

இபேர்ட் என்பது பார்த்த பறவைகளைப் பதிந்துவைக்கும் இணையதளம்; அதில் தெரிந்த அளவுக்கு எழுதுங்கள். தூரத்தில் போன ஆலாவுக்கு "காமன் அல்லது ஆர்க்டிக்" என்றே ஒரு பதிவு வகை பட்டியலில் இருக்கிறது. இளம் கடற்காகத்துக்கு இனம் குறிக்காமல் "கடற்காகம்" என்று பதியவும் இடம் உண்டு. எண்ணிக்கையும் குறிப்பும் சேர்த்து அப்படியே பதியுங்கள். பிறகு படத்தைப் பார்த்து யாராவது உறுதிசெய்தால் அந்த ஒரு வரியை மட்டும் திருத்திக்கொள்ளலாம்.